இருக்கிற ரி-56ஐத் திருத்துங்கள், மிச்சத்தை உருக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இரண்டு ஞாயிறும் உங்கள் வாசகர் பக்கத்தில் இலங்கை இராணுவத்தின் துவக்கைப் பற்றி நடந்த வாக்குவாதத்தை வாசித்தேன். அமெரிக்கா எம்7 என்ற புதுத் துவக்குக்கு மாறுகிறது, இந்தியாவும் பழையதைக் கழற்றி வைக்கிறது, நாங்கள் மட்டும் இன்னும் பழைய சீனத் துவக்கான ரி-56ஐத் தூக்கிக்கொண்டு திரிகிறோம் என்று ஒருவர் எழுதியிருந்தார். அடுத்த வாரம் இன்னொருவர், சண்டை முடிந்து இத்தனை வருடமாகிவிட்டது, இனி எதற்குப் புதுத் துவக்கு, அந்தக் காசுக்கு ஆஸ்பத்திரிக்கு மருந்து வாங்குங்கள் என்று பதில் கொடுத்திருந்தார். இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஏற்கனவே ராக்கையில் நிற்கிற துவக்குகளுக்கு என்ன நடக்கப்போகிறது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. எனக்கு அதுதான் முதல் கேள்வி. அதனால்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பஞ்சிகாவத்தையில் 32 வருடம் லேத் பட்டறை நடத்தியவன். என்ஜின் புளொக்கின் துளைகளைக் கடைந்து பெருப்பிப்பது, கிராங்க் அரைப்பது, புஷ் கடைந்து கொடுப்பது, இதுதான் தொழில். அதற்கு முன்னம் பள்ளிக்கூடக் காலத்தில் கடெற் படையில் இருந்தேன். 1974இல் தியத்தலாவை முகாமில் 303 ரைபிளால் சுட்டிருக்கிறேன், ஆளுக்கு ஐந்தே ஐந்து ரவை. தோள்மூட்டு நாலு நாள் கன்றிப்போய் இருந்தது. ஆனால் சுட்டதைவிடத் துடைத்ததுதான் இன்றைக்கும் ஞாபகத்தில் நிற்கிறது. பித்தளைக் குண்டு கட்டிய கயிற்றில் துணித்துண்டைக் கோத்து, எண்ணெய் தொட்டு, குழலுக்குள்ளால் இழுத்து, வெளிச்சத்துக்குப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், உள்ளே வரிகள் மினுங்கிக்கொண்டு சுழன்று போகும். ஒரு புள்ளி கறுப்புத் தெரிந்தாலும் சார்ஜன்ட் திரும்ப இழுக்கச் சொல்வார். லேத் தொழிலுக்கு வருவதற்கு முதல் நான் படித்த முதல் பாடம் அதுதான்.

ரி-56ஐ நான் சுட்டதில்லை. ஆனால் எங்கள் தலைமுறைத் தமிழருக்கு அதன் முன்பக்கம் நல்ல பழக்கம். வெள்ளவத்தையில் இருந்து பட்டறைக்குப் போகும் வழியில் எத்தனை சோதனைச் சாவடி, எத்தனை தரம் பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்றிருப்போம். பயத்தோடுதான் நின்றோம், அதை மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பயத்துக்கு நடுவிலும் என் கண் துவக்கில்தான் போகும், தொழில்காரன் கண் அப்படித்தான். குழலின் கறுப்புப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகத் தெரியும், தோளில் வைக்கிற மரப் பிடங்கு வியர்வையில் ஊறி எண்ணெய்ப் பலகை மாதிரி இருக்கும். பிடித்துக்கொண்டு நிற்கிற பொடியனுக்கு மிஞ்சினால் இருபது வயது.

பிறகு ஒரு நாள் இராணுவக் கண்காட்சி ஒன்றில் மேசையில் வைத்து ஒரு சிப்பாய் அதைப் பிரித்துப் பூட்டிக் காட்டினார். கையில் எடுத்துப் பார்க்க விட்டார். நான் செய்த முதல் வேலை, மேல்மூடியை விரலால் அழுத்திப் பார்த்ததுதான். ஆடியது. மெல்லிய தகரத்தை வளைத்துச் செய்த மூடி, பின்னால் ஒரு சின்னப் பித்தானில் கொளுவி நிற்கிறது, அவ்வளவுதான். உள்ளே ரவையை அடைத்து நிற்கிற பூட்டும் பிஸ்டனும் அப்படியில்லை, அவை கல் மாதிரி. உறுப்புகளுக்கு இடையில் வேண்டுமென்றே தாராளமாக இடம் விட்டிருக்கிறார்கள், மணல் போனாலும் சேறு போனாலும் ஓடும். என் பட்டறையில் அப்படி இடைவெளி விட்டுக் கொடுத்திருந்தால் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்திருப்பார், ஆனால் துவக்குக்கு அதுதான் சரி.

ஆடுகிற மூடி, திடமான உள்பகுதி, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். ரி-56 என்பது சோவியத் இராணுவம் 1949இல் ஏற்றுக்கொண்ட ஏகே-47ஐப் பார்த்துச் சீனா 1956இல் செய்யத் தொடங்கியது. வயதானதுதான். ஆனால் அதன் குறை எங்கே இருக்கிறது? குழலுக்கு உட்பக்கம் குரோம் பூச்சு, அது நல்லது. பூட்டு நல்லது. குறை சைட்டில், அதாவது குறி பார்க்கிற உறுப்பில். பின் சைட் கண்ணுக்குக் கிட்ட இல்லாமல் நடுவையும் தாண்டி முன்னால் இருக்கிறது, முன் சைட்டுக்கும் அதற்கும் இடையில் 38 சென்ரிமீற்றர் அளவுதான். இந்தத் தூரம் குறையக் குறையக் குறியின் பிசகு பெருகும், இங்கே அரை மில்லிமீற்றர் பிசகினாலும் 300 மீற்றரில் அது ஏறத்தாழ ஆள் அகலத்துக்குப் பிசகும். அப்புறம் பிடங்கு, அது ஒரே அளவு, உயரமானவனுக்கும் கட்டையானவனுக்கும் அதேதான். நவீன சைட், அந்தச் சிவப்புப் புள்ளி தெரிகிற கண்ணாடி, பூட்டலாம் என்றால் மேல்மூடி ஆடுகிறது, அதில் பூட்டினால் இன்றைக்குக் குறி ஒரு இடம், மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினால் நாளைக்கு இன்னொரு இடம். கண்காட்சியில் என் விரலுக்குத் தெரிந்தது இதுதான். ஆக, உயிர்ப்பகுதி திடமாக இருக்கிறது, மேலே கீழே பூட்டுகிற சாமான்தான் காலத்துக்குப் பிந்திவிட்டது. இப்படி ஒரு என்ஜின் என்னிடம் வந்தால் புது என்ஜின் வாங்கச் சொல்ல மாட்டேன்.

எங்கள் மாடிக்கட்டடத்தில் கீழ்வீட்டில் ஒரு மலே நானா இருக்கிறார். கொம்பனித்தெருக்காரர், இராணுவத்தில் 22 வருடம் இருந்து சார்ஜன்டாக இளைப்பாறியவர். உங்கள் பத்திரிகையைக் கொண்டுபோய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அண்ணன், புதுத் துவக்கு வரட்டும், வேணாம் எண்டு சொல்லல்ல. முதல்ல பொடியனுக்குப் புது மகசின் குடுக்கச் சொல்லுங்க." துவக்கு சிக்குகிற வேளையில் பத்துக்கு ஏழெட்டுத் தரம் குற்றம் ரவை அடுக்குகிற பெட்டியான மகசினில்தானாம். இரும்புத் தகரத்தில் செய்த மகசின், விழுந்து அதன் வாய் ஒரு பக்கம் வளைந்துவிட்டால் ரவை நேரே ஏறாது, மூக்கு இடிபட்டு நிற்கும். ஸ்பிரிங் தளர்ந்தால் கடைசி நாலைந்து ரவை மேலே வராது. தன்னுடைய ஆட்களிடம் கெட்ட மகசின் அகப்பட்டால் அடியில் ஆணியால் ஒரு புள்ளடி கீறி வைப்பாராம், மற்றவன் கையில் போய்ச் சேராமல் இருக்க. அவருக்குப் புதுத் துவக்கின் பெயரோ அது எத்தனை மில்லிமீற்றர் என்பதோ ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

அவர் சொன்னதற்கு உலகத்தில் சாட்சி நிறைய இருக்கிறது. அமெரிக்கா எம்16ஐ வியட்நாமுக்கு அனுப்பியபோது நடந்தது தெரிந்த கதைதான், ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. துவக்கின் அமைப்பில் பெரிய பிழை இல்லை. ரவைக்குள் போடுகிற வெடிமருந்தின் வகையை இடையில் மாற்றினார்கள். ரவை போய் உட்காருகிற அறைக்குக் குரோம் பூசாமல் விட்டார்கள். இது துடைக்கத் தேவையில்லாத துவக்கு என்று ஒரு கதை பரவி, துடைக்கிற சாமானைக்கூடப் போதுமான அளவு கொடுக்கவில்லை. அந்த ஈரக் காட்டில் அறை துருப்பிடித்து, சுட்ட ரவையின் கோது உள்ளே இறுகிப்போய், கம்பியை முன்பக்கத்தால் விட்டுக் குத்தி எடுக்கிற நேரத்தில் பொடியன்கள் செத்துப்போனார்கள். 1967இல் அமெரிக்கக் காங்கிரஸின் துணைக்குழு ஒன்று, ரிச்சர்ட் ஐகோர்ட் தலைமையில், விசாரித்து இராணுவ நிர்வாகத்தைக் கடுமையாகச் சாடியது. பிறகு குரோம் பூசினார்கள், துடைக்கிற சாமான் கொடுத்தார்கள், சொல்லிக் கொடுத்தார்கள். அதே துவக்கின் வழிவந்ததைத்தான் அமெரிக்கச் சிப்பாய் அரை நூற்றாண்டுக்கு மேல் தூக்கினான்.

முதலாவது வாசகர் புகழ்ந்த எம்7ஐயும் பார்ப்போம். 2022 ஏப்ரலில் சிக் சவர் நிறுவனத்தின் துவக்கைத் தெரிவு செய்தார்கள். 6.8 மில்லிமீற்றர் ரவை, தூரத்தில் நிற்பவனின் மார்புக் கவசத்தையும் துளைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த வேலைக்கு அது பொருத்தமாக இருக்கலாம். ஆனால் சத்தம் குறைக்கிற குழாயோடு சேர்த்தால் வெறும் துவக்கே நாலரைக் கிலோ வரும். அவர்களுடைய பழைய துவக்கான எம்4இல் ஒரு சிப்பாய் சுமப்பது 30 ரவை மகசின் ஏழு, மொத்தம் 210. இதில் 20 ரவை மகசின் ஏழு, மொத்தம் 140. ரவை சீக்கிரம் முடிந்துவிடுகிறது என்று அமெரிக்கக் கப்டன் ஒருவரே 2025இல் பகிரங்கமாகக் குறை சொன்னார். எங்கள் சிப்பாய் எந்த மலையில் நின்று 600 மீற்றருக்கு அப்பால் நிற்கிற கவசக்காரனைச் சுடப்போகிறான்?

இந்தியா மாற்றியது என்பதும் சரி, ஆனால் எதற்கு மாறியது என்பதை வாசகர் எழுதவில்லை. அவர்களுடைய இன்சாஸ் 5.56 மில்லிமீற்றர் துவக்கு, 1999 கார்கில் சண்டையில் குளிருக்கு அதன் பிளாஸ்டிக் மகசின் வெடிப்பு விட்டது. மறுபடியும் மகசின், பாருங்கள். பிறகு 2019இல் 72,400 சிக்-716 துவக்கு வாங்கினார்கள், அது சுடுவது 7.62×51 ரவை, அதாவது 7.62 மில்லிமீற்றர் சன்னம், 51 மில்லிமீற்றர் கோது. அதற்குப் பிறகு 2021 டிசம்பரில் ரஷ்யாவோடு சேர்ந்து உத்தரப் பிரதேசத்து அமேதியில் 6 இலட்சத்துக்கு மேற்பட்ட ஏகே-203 செய்ய ஒப்பந்தம். ஏகே-203 எந்த ரவையைச் சுடுகிறது தெரியுமா? 7.62×39. எங்கள் ரி-56 சுடுகிற அதே ரவை. அதன் மேல்மூடியை மட்டும் ஆடாமல் இறுக்கிப் பூட்டி, சைட் பொருத்த இடம் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பெரிய நாடு சுற்றிச் சுற்றி வந்து நின்றது எங்கள் ரவையில்தான். இடையில் மூன்று வகை ரவையையும் வாங்கி, பிரித்து, ஏற்றி இறக்குகிற சுமை அவர்களுக்கு. அவர்களால் தாங்க முடியும்.

எங்களால் முடியாது. ரவை வகையை மாற்றினால் துவக்கு மட்டும் மாறுவதில்லை, பல வருடத்துக்குப் பழைய ரவையும் புது ரவையும் பக்கத்துப் பக்கத்துக் களஞ்சியத்தில் கிடக்கும். 2016 ஜூன் 5ஆம் திகதி கொஸ்கமவுக்குப் பக்கத்தில் சாலாவ முகாமின் வெடிபொருள் களஞ்சியம் வெடித்ததை மறந்துவிட்டோமா? சுற்றிவர எத்தனை வீடு உடைந்தது, சனம் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக ஓடியது. பழைய வெடிபொருளைக் குவித்து வைப்பது என்ன என்று அவிசாவளை வீதிச் சனத்துக்குச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

சரி, திருத்திய நாடுகள் இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. பிரிட்டன் 1985இல் கொண்டுவந்த எஸ்ஏ80 துவக்கு மகா தொல்லை பிடித்தது. மகசின் உடம்பில் தட்டுப்பட்டுத் தானாகக் கழன்று விழும், நுளம்பு மருந்து பட்டால் பிளாஸ்டிக் கரையும். தூக்கி எறியாமல் 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு ஹெக்லர் அன்ட் கோக் நிறுவனத்திடம் கொடுத்து ஏறத்தாழ 2 இலட்சம் துவக்கைத் திருத்தினார்கள், செலவு 92 மில்லியன் பவுண் அளவில், கணக்குப் பார்த்தால் ஒன்றுக்கு 460 பவுண். அதே துவக்கை இன்னொரு தரமும் திருத்தி இன்றைக்கும் வைத்திருக்கிறார்கள். இதைவிட எங்களுக்கு நெருக்கமான உதாரணம் பின்லாந்து. அவர்களுடைய ஆர்கே 62 ரி-56இன் ஒன்றுவிட்ட சகோதரம், அதே கலாஷ்னிக்கோவ் அமைப்பு, அதே 7.62×39 ரவை, 1960களில் செய்யத் தொடங்கிய துவக்குகள். 2015 முதல் அவற்றுக்கு நீட்டிச் சுருக்குகிற பிடங்கு, புதுத் தோள்வார், விளக்குப் பூட்ட இடம், சைட் பூட்ட இடம் என்று போட்டுக் கொடுத்தார்கள். ரஷ்யாவோடு 1,300 கிலோமீற்றர் எல்லை வைத்திருக்கிற நாடு அது. அவர்களுக்கு வராத வெட்கம் எங்களுக்கு எதற்கு?

இனித்தான் நான் சொல்ல வந்த விஷயம். 2023 ஜனவரியில் அப்போதைய பாதுகாப்பு இராஜாங்க அமைச்சர் ஒரு கணக்குச் சொன்னார். இராணுவத்தின் அனுமதிக்கப்பட்ட ஆளணி 200,783, அதை 135,000 ஆகக் குறைத்து, 2030இல் ஒரு இலட்சத்துக்குக் கொண்டுவரப்போகிறோம் என்று. நல்ல முடிவு. ஆனால் ஆள் பாதியாகும்போது துவக்கும் பாதிதானே தேவை? அப்படியானால் புதுத் துவக்கு எத்தனை வாங்கலாம் என்று பேசுவதற்கு முதல், இருக்கிறதில் எது நல்லது எது கெட்டது என்று பிரிக்க வேண்டும். என் பட்டறையில் சிலிண்டர் தேய்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொன்னதே கிடையாது, கேஜ் என்ற அளவுகருவியைப் போட்டுத்தான் பார்ப்பேன். துவக்குக்கும் அதேதான். குழலின் தொண்டை எவ்வளவு அரிபட்டிருக்கிறது, பூட்டு மூடி நிற்கும்போது ரவைக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி, இதெல்லாம் கேஜ் போட்டால் ஒரு துவக்குக்குச் சில நிமிட வேலை. இராணுவத்தில் மின்சார, இயந்திரப் பொறியியல் படையணி என்று ஒன்று இருக்கிறது, இந்த வேலை தெரிந்த ஆட்கள் அதற்குள் இருக்கிறார்கள். நல்ல குழல் உள்ள ஒரு இலட்சத்தைப் பொறுக்கி எடுங்கள். அதற்குப் புது மகசின், ஆடாத அடித்தளத்தில் சைட், அளவு மாற்றக்கூடிய பிடங்கு போடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே நாளில் வேண்டாம், முதலில் ஐநா அமைதிப்படைக்குப் போகிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள். (மாலியில் 2019 ஜனவரியில் எங்கள் அமைதிப்படையினர் இருவர் இறந்தது வீதியில் வைத்த குண்டில். எந்தப் புதுத் துவக்கும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது. துவக்குக்கு ஒதுக்குகிற காசில் ஒரு பங்கு குண்டு தாங்குகிற வாகனத்துக்குப் போவதுதான் நியாயம்.) மிச்சக் காசில் ரவை வாங்கிப் பயிற்சிக்குக் கொடுங்கள், எனக்குக் கொடுத்த மாதிரி ஐந்து ரவையில் யாரும் சுடப் பழக முடியாது.

பொறுக்கி எடுத்த பிறகு மிஞ்சுகிறவற்றை உருக்குங்கள். விற்கவும் வேண்டாம், அன்பளிப்பாகக் கொடுக்கவும் வேண்டாம், பிறகு தேவைப்படும் என்று களஞ்சியத்தில் அடுக்கவும் வேண்டாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொழும்பில் இருக்கிற எவருக்கும் ரி-56 என்பது இராணுவத் துவக்கு மட்டுமல்ல. உங்கள் பத்திரிகையின் முதல் பக்கத்திலேயே எத்தனை தரம் போட்டிருப்பீர்கள், மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் ரி-56 ரகத் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் தப்பியோட்டம் என்று. கொட்டாஞ்சேனையில் நான் வழக்கமாகத் தேத்தண்ணி குடிக்கிற கடை ஒன்று, அதன் பக்கத்தில் அப்படி ஒரு சூடு நடந்தது. மூன்றாம் நாள் போனேன். சன்னம் ஒன்று கடையின் இரும்பு ஷட்டரைத் துளைத்து, உள்ளே அடுக்கியிருந்த பிஸ்கட் பெட்டிகளையும் துளைத்து, பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்குச் சீமெந்தைப் பேர்த்திருந்தது. சுவரில் அந்த இடத்துக்குக் கீழேதான் கடைக்காரரின் மகள் பின்னேரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். அன்றைக்கு அவளுக்கு டியூஷன் இருந்ததால் கடையில் இல்லை. ஷட்டர் ஓட்டையில் என் சின்னவிரல் நுனியை வைத்துப் பார்த்தேன். விளிம்பு உள்பக்கமாகப் பூ மாதிரி விரிந்திருந்தது. தகரத்தில் எத்தனையோ ஓட்டை போட்ட கை இது, அன்றைக்கு நடுங்கியது.

சண்டைக் காலத்தில் எத்தனை பேர் துவக்கோடு படையை விட்டு ஓடினார்கள், எத்தனை துவக்கு கைமாறியது என்பதெல்லாம் பழைய கதையாக இருக்கலாம். ஆனால் எஃகு பழையதாகிச் சாவதில்லை. எண்ணெய் போட்டுச் சீலையில் சுற்றிப் புதைத்து வைத்த துவக்கு 40 வருடம் கழித்தும் சுடும். துவக்கு மாற்றுகிற ஒவ்வொரு நாட்டிலும் பழையது எங்கேயோ ஒரு சந்தையில் போய் நிற்கிறது. ஜெர்மனி 2014இல் ஈராக்கின் குர்திஷ் படைகளுக்குத் தன் ஜி3, ஜி36 துவக்குகளைக் கொடுத்தது, 2016இல் ஜெர்மன் ஊடகவியலாளர்கள் போய்ப் பார்த்தபோது அவற்றில் சில கடைத்தெருவில் விலைக்கு இருந்தன. தென்னாபிரிக்கா இதை யோசித்துத்தான் தன் இராணுவத்தின் மிகுதித் துவக்குகளை விற்பதில்லை என்று 1999இல் முடிவெடுத்து, 2 இலட்சத்து 60 ஆயிரத்துக்கு மேல் அழித்தது. விற்றால் காசு வந்திருக்கும், அந்த நேரத்தில் அவர்களுக்கும் காசு தேவைதான்.

இரண்டாவது வாசகருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, மருந்து வாங்கச் சொன்னது சரி. 2022இல் என் மனைவிக்கு இன்சுலின் தேடி நான் கொழும்பில் ஏறி இறங்காத பார்மசி இல்லை, அந்த வலி எனக்கும் தெரியும். ஆனால் இராணுவம் நாளைக்கே இல்லாமல் போகப்போவதில்லை. இருக்கும்வரை அதன் கையில் இருப்பது கணக்குக்குட்பட்ட, குறி தவறாத துவக்காக இருக்கட்டும். குறி தவறுகிற துவக்கால் சாகிறவன் எப்போதும் சம்பந்தமில்லாத ஒருவன்தான். அதை இந்த நாட்டில் எங்களைவிட யார் அறிவார்கள்?

வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்பு அமைச்சின் செலவினம் குழுநிலை விவாதத்துக்கு வரும்போது, எங்கள் கொழும்பு மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர் யாராவது எழுந்து கேட்கட்டும்: ஆளணி குறைந்த அளவுக்குத் துவக்கு களஞ்சியத்துக்குத் திரும்பி வந்ததா, இலக்கத்தோடு சரிபார்த்தீர்களா, எத்தனையை அழித்தீர்கள், எந்தத் திகதியில் அழித்தீர்கள். பதிலை நீங்கள் உங்கள் பத்திரிகையில் முழுசாகப் போடுங்கள். உருக்குகிற நாளைக்கு ஊடகங்களைக் கூப்பிட்டால் நானும் வந்து பார்க்கத் தயார், வயது 68 ஆனாலும் பஸ் ஏறி வருவேன்.

கடிதம் நீண்டுவிட்டது, இடம் போதாவிட்டால் எம்7 பற்றி எழுதியதை வெட்டுங்கள். நானா சொன்ன மகசின் விஷயத்தை மட்டும் வெட்ட வேண்டாம். இரவு அவருக்கு இதை வாசித்துக் காட்டினேன், அந்த இடம் வந்ததும் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார்.

இப்படிக்கு,
பழைய பட்டறைக்காரன் ஒருவன்,
வெள்ளவத்தை, கொழும்பு 06